பள்ளத்தாக்கின் அடியில்

பைனாகுலரை வண்டியின் பின்சக்கரத்தடியில் வைத்தவனும் நான்தான், மறந்துபோய் வண்டியைப் பின்னால் எடுத்தவனும் நான்தான்.

பெரிய நஷ்டமில்லை. அதில் பாறையும் மாட்டளவு பெரிய எல்க் மானும் ஒன்றுபோலத்தான் தெரியும். அமெரிக்காவில் வேட்டைக்குப் பேர்போன மொன்டானாவில் பிறந்தும் நான் இன்னும் ஒரு எல்க்கைச் சுட்டதில்லை. இந்த வேட்டை சீசனுக்காவது நல்லதாக வாங்கலாமென்று, வேட்டைக் கூட்டாளி டெல்பர்ட்டுடன் கடைக்குப் போனேன்.

இருப்பதிலேயே மட்டமானதைக் காட்டி, "உனக்கு இதுவே போதும்டா," என்றான். அவன் கழுத்தில் தொங்குவதோ ஊரிலேயே உசத்தி.

"எனக்குப் பன்னிரண்டு மடங்கு பெருசா காட்டுறது வேணும்."

"உன் கை நடுக்கத்துல மானெல்லாம் டான்ஸ் ஆடும்."

அது நியாயம். பத்து மடங்கை எடுத்துக் கடைவாசலில் நின்று பார்த்தேன். அந்தி மங்கலிலும் எதிர்மலையின் வேலிக்கம்பி தெரிந்தது. வாங்கிவிட்டேன். டெல்பர்ட்டின் முகம் வாடியது. பொறாமை என்று நினைத்தேன்.

சீசனின் முதல் காலை, எங்கள் வழக்கமான பாறையில் உட்கார்ந்து பார்த்தால், பள்ளத்தாக்கின் அடியில் ஒரு மந்தையே மேய்கிறது.

"வருஷா வருஷம் பாத்துட்டு, 'ஒண்ணுமில்லடா, காபி குடி'ம்பியே. நிஜமாவே உனக்குத் தெரியலையா?"

டெல்பர்ட் பிளாஸ்கைத் திறந்து எனக்கு முதலில் ஊற்றினான்.

"எல்லாம் தெரிஞ்சுதுடா. சொன்னா நீ சுடுவே. உன் முட்டிவலியோட அத்தனை கறியையும் பள்ளத்துலேருந்து யாரு சுமந்துட்டு வர்றது? எனக்கு இங்க உன்கூட உக்காந்திருக்கிறதே போதும்."