ஈரம் காயும்வரை

நிலைப்படியில் நின்றபடியே அபிஜித் விட்ட அறையில் ஸ்மிதாவின் கையிலிருந்த பிரஷ் தெறித்து விழுந்தது.

“கதவுகிட்டயிருந்தா ஆரம்பிப்பே, முட்டாள்? படிக்கட்டுல போய் முடிச்சா அப்புறம் எப்படி உள்ளே வருவே?”

குவெம்புநகரில் அவர்களுடையது மாடி வீடு. கதவைத் திறந்தால் மர டெக், அதைத் தாண்டினால் இறங்கும் படி; வேறு வழியே கிடையாது. ஆபீஸ் போகும்போது மனைவியை உள்ளே வைத்து வெளித்தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போகிற மகராசன் அவன்.

போன வாரம் மகள் அக்ஷதா அந்த டெக்கில் பாலைச் சிந்திவிட்டாள். பெற்ற குழந்தையின் கையை முறுக்கியே ஒடித்துவிட்டான், பாவி. பழைய தேக்குநிறச் சாயத்தை மொத்தமாக எடுத்துவிட்டு வெள்ளை அடிக்கச் சொல்லி ஸ்மிதாவுக்கு உத்தரவு வேறு.

அவள் சுரண்டினாள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள், கழுவிக் காயவைத்துப் பிரைமர் அடித்தாள். ஒரு மூலையில் பழைய நிறம் தெரிந்ததற்குச் சுரண்டியின் பிடியாலேயே முதுகில் இரண்டு வைத்தான்.

“தப்புத்தாங்க. ஆனா ஆரம்பிச்சாச்சு, இனிமே மாத்தினா பட்டை பட்டையா தெரியும்,” என்றாள் உதட்டு ரத்தத்தைத் துடைத்தபடி.

“அப்போ ராத்திரி பூரா படியிலேயே கிட. நாளைக் காலை வரைக்கும் இதுல யாராவது கால் வச்சீங்க, காலையே வெட்டிடுவேன். கொத்தாய்த்தா, புரிஞ்சுதா?”

படியில் கட்டுப்போட்ட கையோடு அக்ஷதா நின்றிருந்தாள்.

“ஞாயித்துக்கிழமை எதுக்குடி இது ஸ்கூல் பேக் மாட்டிட்டு நிக்குது?” என்று எரிந்து விழுந்தவன், கிரிக்கெட் பார்க்க உள்ளே போய்க் கதவை ஓங்கிச் சாத்தினான்.

ஸ்மிதா அவசரப்படாமல் அடித்தாள். கடைசிப் பலகை முடிந்தபோது படியில் நின்றாள்.

காபி கேட்டுக் கத்திப் பார்த்த அபிஜித், பதில் வராததால் எழுந்து கதவை இழுத்தான். அசையவில்லை. உதைத்தான். நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் அடித்தான். கண்ணாடி நொறுங்கி அவன் கையைக் கிழித்தது. கம்பி மட்டும் அப்படியே நின்றது.

பளபளத்த ஈர வெள்ளைக்கு அந்தப் பக்கம், அக்ஷதாவின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள் ஸ்மிதா. கீழே ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது.

“வந்து தாழ்ப்பாளைத் திறடி! கொன்னுடுவேன்!”

“எப்படிங்க வர்றது? நாளைக் காலை வரைக்கும் யாரும் கால் வைக்கக் கூடாதே!”