பேர் வெட்டின தட்டு

மகள் தஸ்மியாவின் பள்ளிப் பையிலிருந்து எடுத்த சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கப் போனாள் ரைஹானத். விளிம்பில் வடிவம்மாள் என்று பேர் வெட்டியிருந்தது.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளுடைய தட்டு கல்யாணத்துக்கு வந்தது. பாத்திரக்கடையில் காத்து நின்று அவள் உம்மாவே பேர் வெட்டி வாங்கியது.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைக்குப் பேச்சுப் போனது போதாதென்று, இப்போது தட்டும் போயிற்று.

பள்ளிவாசல் தெருத் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று இந்த ஜூனில் அதை மூடி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருக்கும் கீழூர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். பள்ளிக்கூடங்களைச் சேர்க்க ஒரு கையெழுத்துப் போதும். பிள்ளைகள் சேர வேண்டுமே.

மூன்றாம் வகுப்பில் இந்தத் தெருவிலிருந்து தஸ்மியா ஒருத்திதான். வீட்டில் வாய் ஓயாத பிள்ளை. இப்போது கேட்டால்தான் பதில்.

தினமும் சாயங்காலம் ரைஹானத் கேட்பாள், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று. தினமும் ஒரே பதில்தான். தூணுக்குப் பக்கத்தில், தனியாக.

பெற்றவளுக்கு எத்தனை நாள் தாங்கும். சவூதியில் தம்மாமிலிருக்கும் கணவர் அலி அஸ்கரிடம் ஃபோனில் அழுதுவிட்டாள். டி.சி. வாங்கிவிடு, திங்கட்கிழமையிலிருந்து வேனில் டவுண் பள்ளிக்குப் போகட்டும் என்றார் அவர். விடியுமுன் எழுப்பி அத்தனை தூரம் அனுப்ப வேண்டுமே என்று அதற்கும் அவளுக்கு அழுகைதான் வந்தது.

இன்றைக்கு அவள் கேட்கவில்லை. முடிவெடுத்த பிறகு கேட்டு என்ன ஆகப்போகிறது. பிள்ளையும் பையைப் போட்டுவிட்டு மதரசாவுக்கு ஓதப் போய்விட்டது.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

வயல் வேலை முடிந்த கோலத்திலேயே வந்திருந்தாள் அந்தப் பெண். காலில் சேறு காய்ந்திருந்தது. கையிலிருந்த தட்டில் உரித்த நுங்குகள்.

"எக்கா, நான் ஒங்க பிள்ள கூடப் படிக்கிற நித்யா அம்மா, வடிவு. ஒங்க தட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டு போல. காலித் தட்டக் குடுக்கக் கூடாதுல்லா, அதான் ரெண்டு நுங்கு."

ரைஹானத்துக்குக் கோபத்தைத் தொடர வழியில்லாமல் போயிற்று. நுங்கைக் கிண்ணத்தில் சரித்துவிட்டு விளிம்பைப் பார்த்தாள். பிரேமலதா என்று இருந்தது.

இது என்னுடையது இல்லையே என்று நுங்கைத் திரும்ப எடுக்கப் போனாள். வடிவம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒங்களுதும் இல்லையா? எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதுல்லா, மூணு வீடு ஏறி எறங்கிட்டேன் எக்கா. ஒரு வீட்டுலயும் அவுக தட்டு இல்ல. பிள்ளைய எல்லாம் ஒண்ணா இருந்துல்லா சாப்ட்டுருக்கு. கழுவிக் குமிச்சி, கைக்குக் கெடச்சத அள்ளிப் போட்டுட்டு வந்துருக்கு."

ரைஹானத் கையிலிருந்த தட்டை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள்.

பள்ளி தொடங்கியதிலிருந்து அவள் தட்டு ஒருநாள்கூட மாறியதில்லை. பிள்ளை பத்திரமாகக் கொண்டுவருகிறது என்று அவள் பெருமைப்பட்டிருக்கிறாள். தூணோரம் தனியாக இருக்கிற தட்டு எப்படி மாறும்.

அடுக்களைக்குப் போய்ப் பேரீச்சம்பழ டப்பாவைத் திறந்தாள். வடிவம்மாள் என்று பேர் வெட்டின தட்டு நிறைய அள்ளிப் போட்டாள். கண் கலங்கியதை மறைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

வடிவம்மாள் பேரைக் கேட்டுக்கொண்டு, ஒரு கையில் தன் தட்டும் மறு கையில் பிரேமலதாவின் தட்டுமாக வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நடந்தாள்.

ஃபோன் அடித்தது. டி.சி.க்கு எழுதிக் கொடுத்துவிட்டாயா என்று கேட்டார் அலி அஸ்கர்.

"இல்லங்க. நம்ம தட்டு ஒண்ணு வெளிய இருக்கு. அது வரட்டும், அப்பறம் பாப்போம்."

அவள் அதைத் தேடிப் போவதாக இல்லை.