பாப்பாவுக்குத் துணை

“மாமா, பாப்பாவை ஒரு தடவை பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறீங்களா?”

சமையலறையிலிருந்து மருமகளின் குரல் வந்தது.

பெரியவர் பாதி படித்த செய்தித்தாளை மடித்து வைத்தார். ஒரு கையில் தடி. இன்னொரு கையின் சுண்டுவிரலைப் பேத்தி பிடித்துக்கொண்டாள். நடைவழியில் இருவரும் தத்தித் தத்திப் போனார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வேகம்.

அன்று காலைதான் வெளியூரிலிருந்து வந்து இறங்கியிருந்த அவருடைய மகள், வந்ததிலிருந்து இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த மனுஷர். அவர் கொடி அசைக்காமல் ஒரு வண்டி நகர்ந்ததில்லை. இப்போது ஒன்றரை வயதுக் குழந்தையோடு கழிவறை வாசலில் காத்து நிற்கிறார்.

மகள் நேரே சமையலறைக்குப் போனாள்.

“ஏம்மா, ஒன்றரை வயசுக்கு இதெல்லாம் இப்பவே எதுக்கு? அது இன்னும் ‘தண்ணி’ன்னுகூட ஒழுங்கா சொல்லலை.”

“சின்னதுலயே பழக்கிட்டா நல்லதுதானே, அண்ணி.”

“பழக்கு, வேண்டாங்கலை. நீ பழக்கு. எங்கப்பாவை எதுக்கு ஆயா வேலை பார்க்க வைக்கிறே?”

மருமகள் அடுப்பைக் குறைத்தாள்.

“மாமா கூட்டிட்டுப் போனா பாப்பா அடம்பிடிக்காம உட்காருது.”

“நீ கூப்பிடறதைத்தான் பார்க்கறேனே! அவர் பேப்பரைப் பிரிச்சா உனக்கு மூக்குல வேர்த்துடுது. கடையில டயபர்னு ஒண்ணு விக்குது, தெரியுமா? கட்டிவிட்டா முடிஞ்சுது.”

“யாருக்குத்தான் அது பிடிக்கும், அண்ணி?”

“ஆமாமா. ஒன்றரை வயசுக்கு மான அவமானம் வேற!”

பாத்ரூமிலிருந்து பெரியவரின் குரல் கேட்டது. “உஸ்ஸ்… ஆச்சா? சமத்து!” பிறகு தண்ணீர் கொட்டும் சத்தம். குழந்தை கை தட்டும் சத்தம்.

மருமகள் காய் நறுக்குவதில் முனைப்பாக இருந்தாள்.

சாயங்காலம் மருமகள் காய்ந்த துணிகளை எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். பெரியவர் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். தரையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை, கையிலிருந்த பொம்மையைச் சட்டென்று கீழே போட்டது. எழுந்து நடைவழியில் ஓடியது.

அத்தைக்காரி பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தாள்.

வாத்து வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் இருக்கை. அதன்மேல் குழந்தை, யார் உதவியும் இல்லாமல், மகாராணி போல் வீற்றிருந்தது. காரியம் முடிந்ததும் எழுந்து, “ஆச்சு” என்று தனக்குத்தானே கை தட்டிக்கொண்டது.

துணிக்குவியலோடு இறங்கி வந்த மருமகளை அவள் படிக்கட்டிலேயே மடக்கினாள்.

“உன் பொண்ணு தானாப் போய் உட்கார்ந்து எழுந்து வருது! இன்னும் பழகலைங்கிற மாதிரி அப்பாவைக் கூடவே அனுப்பிக்கிட்டிருக்கே?”

மருமகளின் முகம் வெளுத்துவிட்டது.

“அண்ணி, மெல்லப் பேசுங்களேன். மாமா காதுல விழுந்துடப் போகுது.”

“விழட்டும்! பழகின குழந்தைக்கு எதுக்குக் காவல்? வயசானவர் சும்மா உட்கார்ந்து சாப்பிடறாரேன்னு கண்ணை உறுத்துது. அதானே?”

மருமகள் துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தப்பு செய்தவர்களுக்கு எங்கே பேச்சு வரும் என்று நினைத்துக்கொண்டாள் மகள். அப்பாவின் அறைக்குப் போனாள். பெட்டியைத் திறந்து அவருடைய வேட்டி, சட்டைகளை அடுக்கத் தொடங்கினாள்.

சத்தம் கேட்டு விழித்த பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்.

“என்னம்மா பண்றே?”

“காலை வண்டிக்கு நீங்க என்னோட வர்றீங்க. தம்பி ஆபீஸ்லேர்ந்து வரட்டும், நான் பேசிக்கறேன். என் வீட்டுல உங்களை ‘எழுந்திருங்க’ன்னு சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. நாள் முழுக்க அப்படியே சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கலாம்.”

“அதுக்குத்தாம்மா பயப்படறேன்.”

அவர் கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தார். கதவைச் சாத்தச் சொல்லிக் கை காட்டினார்.

“போன வருஷம் உன் வீட்டுக்கு வந்திருந்தேனே, அப்ப சோபா நனைஞ்சு கிடந்ததுன்னு உன் பையன் முதுகுல ரெண்டு வெச்சே. ஞாபகம் இருக்கா?”

“பின்னே? அஞ்சு வயசுப் பையன்…”

“அவன் இல்லம்மா.”

அவள் கையிலிருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது.

“எனக்கு வர்றதே தெரியறதில்லை. வருதோ வரலையோ, அப்பப்ப போயிட்டு வந்துடணும்னு டாக்டர் சொல்லிட்டார். அதை யார் எங்கிட்ட வந்து ஞாபகப்படுத்தறது? உன் தம்பி நாலு பேர் முன்னாடி, ‘அப்பா, போயிட்டு வந்தீங்களா?’ன்னு கத்துவான். நான் வேணும்னே எழுந்திருக்க மாட்டேன். இவ ஒரு நாள்கூட அப்படிக் கேட்டதில்லை. பாப்பாவுக்குத் துணைக்குப் போங்கன்னுதான் சொல்றா.”

“பாப்பாதான் பழகிட்டாளேப்பா…”

“அது பழகி எத்தனையோ நாளாச்சு” என்று அவர் சிரித்தார்.

பெட்டியிலிருந்து தம் வேட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். அவள் தடுக்கவில்லை.

“இதையெல்லாம் நீ அவகிட்டக் கேட்டு வெச்சுடாதேம்மா. எனக்கு ஒண்ணும் புரியலைன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. புரிஞ்சிடுச்சுன்னு தெரிஞ்சா, அப்புறம் கூப்பிடவே கூச்சப்படுவா, பாவம்.”