ஒரு மலைக்கு உமி

கீழே விழுவதற்குக்கூட இந்தக் காலத்து ஆட்கள் முன்பதிவு செய்கிறார்கள் என்று கஸ்பார் முணுமுணுத்தார். காஷ்மீருக்குப் பனிச்சறுக்கு போக மகன் ரீகனும் மருமகள் செல்சியாவும் ஒரு மாதமாகத் திட்டம் போட்டிருந்தார்கள். ரீகனுக்கு லீவு கிடைத்ததோ மார்ச் கடைசியில். அதற்குள் பனியெல்லாம் உருகிவிடும் என்று ஏஜெண்ட் போனில் கையை விரித்துவிட்டான். செல்சியாவின் முகம் தொங்கிப்போயிற்று.

"உருகுமா? எவன் சொன்னான்?"

கஸ்பார் தூத்துக்குடி ஐஸ் பேக்டரியில் நாற்பது வருஷம் பாளம் சுமந்தவர்.

"உமிய அள்ளிப் போட்டு மூடச் சொல்லும்மா. நான் மூடுன பாளம் சித்திர வெயில்லயே மொன மழுங்காது."

"மாமா, அது மலை."

"இருக்கட்டுமே. பெரிய பாளம். ஆளு கூடப் போடணும், அவ்வளவுதான?"

இரண்டு நாளாக அழுத முகத்தோடு இருந்த செல்சியா வாய்விட்டுச் சிரித்தாள். "அப்பா, நீங்க வேற" என்று ரீகனும் சிரித்தான்.

கஸ்பார் சிரிக்கவில்லை. ஐஸ் சுமந்து மரத்துப்போன இடது தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார்.

"அம்மாம் பெரிய மலைய வச்சிருக்கானுவ, மூடத் தெரியல."

அரிசி ஆலை இருக்கும் பக்கமாக நடந்தார்.