சுவர் பார்க்க வந்தவன்

"சுடாத மண்கல் கொக்கிளாய் உப்புக்காத்துக்கு நிக்குமோ, நிருஷன்?" என்று சாரங்கா கேட்டாள். அம்மாவுக்குக் கொக்கிளாயில், கடலை ஒட்டிய களப்புக் கரையில் வீடு கட்டப் போகிறாள். இருவரும் கட்டடக் கலைஞர்கள், ஒன்றாகப் படித்தவர்கள். எந்தக் கல், எந்த ஓடு என்று ஒருவரை ஒருவர் கேட்காமல் எதையும் முடிவெடுப்பதில்லை.

"நிக்கும். நான் சொல்லுறன்தானே, நம்பிக் கட்டும்."

வீடு எழும்பியது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நிருஷன் கிளிநொச்சியில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, சுவரைத் தடவிப் பார்த்துப் படம் எடுத்தான்.

"பெத்த பிள்ளை நீ மாசத்துக்கு ஒருக்காத்தான் வாறாய். அந்தத் தம்பி மழை விட்டவுடன ஓடி வாறார்," என்று அம்மா மகளைச் சீண்டினாள்.

இரண்டாவது மாரி மழையில் அறைச் சுவர் மாவாக உதிர்ந்தது. அம்மா படுக்கக் குசினிக்குள் அடுப்போரம் பாய் விரித்தாள்.

"தம்பியோட கோவியாதை பிள்ளை. அவரும் தெரியாமத்தானே சொன்னவர்."

சாரங்கா கோபிக்கவில்லை.

அடுத்த மாதம் கிளிநொச்சியில் கட்டடக் கலைஞர்களின் கூட்டம். சாரங்கா முன்வரிசையில் இருந்தாள். நிருஷன் பேச எழுந்தான். திரையில் அம்மாவின் சுவர், மழைக்கு மழை எடுத்த படங்களாக ஓடியது.

"கடற்கரைக்கு இந்தக் கல் சரிவருமோ எண்டு எனக்குத் தொடக்கத்திலயே சந்தேகம். நானும் அங்க ஒரு வீடு கட்டவேணும். அதுதான் முதல்ல வேற ஆக்களின்ர வீட்டில போட்டுப் பாத்தன். இப்ப என்ர வீட்டைச் சீமெந்துக் கல்லில கட்டுறன்."

எல்லோரும் கைதட்டினார்கள்.

"சோதனை எண்டு வீட்டுக்காரருக்குத் தெரியுமோ?" என்று ஒருவர் கேட்டார்.

"சொன்னா ஆர் கட்டுவினம்?" என்றான் நிருஷன், முன்வரிசையைப் பார்க்காமல்.