ஆவி படியாத கண்ணாடி

அவன் நீச்சல் கண்ணாடிக்குள் துப்பினான்.

கட்டைவிரலால் எச்சிலை உள்பக்கம் முழுக்கத் தேய்த்தான். குனிந்து கடலில் ஒரு முறை அலசினான். முகத்தில் மாட்டிக்கொண்டான்.

வழிகாட்டிப் பெண் பெனிட்டா இன்னும் படகைவிட்டு இறங்கவில்லை. எதையும் சொல்லித் தரவும் இல்லை.

அவன் மனைவி தன் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நின்றாள். இடுப்பளவு தண்ணீர். பவளத்திட்டுக்கு இந்தப் பக்கம் கடல் குளம்போல் கிடந்தது.

பெனிட்டா இறங்கி வந்தாள். எச்சில் தடவினால்தான் கண்ணாடியில் ஆவி படியாது என்றாள். அண்ணன் முந்திக்கொண்டாரே என்று கேலி செய்தாள்.

ஏதோ வீடியோவில் பார்த்ததாக அவன் சொன்னான்.

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்பினாள்.

திருமணமாகி நாற்பது நாள். முன்பு எப்போதாவது இப்படிக் கடலில் இறங்கியதுண்டா என்று கரையில் நீட்டிய படிவத்தில் கேட்டிருந்தார்கள். அவன் இல்லை என்று எழுதினான். அவளும் அப்படித்தான் எழுதினாள்.

குப்புற மிதந்தார்கள்.

வாயில் மூச்சுவிடும் குழாய். பேச முடியாது. அவளுக்கு அது வசதியாக இருந்தது.

கிளிமீன்கள் பவளத்தைக் கொறித்தன. நறுக் நறுக்கென்ற சத்தம் காதுக்குள் கேட்டது. அவள் மீன்களைப் பார்க்கவில்லை.

அவன் எதையும் தொடவில்லை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஒரு கடற்சாமந்தியின் மேல் அசையாமல் மிதந்தான். அதன் விரல்போன்ற இழைகளுக்கிடையில் ஒன்றுமில்லை. ஆனாலும் காத்திருந்தான்.

ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன மீன் எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று.

வருமென்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அவன் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி அழைத்தான். இரண்டு விரல் மட்டும் மடங்கி நிமிர்ந்தன.

பழகிய விரல்கள்.

முன்பு யாரை இப்படி அழைத்தான்? அந்தப் பெண் சொன்னபடி வந்தாளா? பயந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாளா?

கேட்டுவிட வேண்டும். இன்று கேட்காவிட்டால், இனி அவன் முதல் முறை என்று சொல்லும் எதையும் அவளால் நம்ப முடியாது.

அவன் பாறையைச் சுற்றிக்கொண்டு போனான். அவள் பின்னாலேயே போனாள். அவன் வேகத்தைக் கூட்டினான். அவளும் கூட்டினாள். கண்ணை அவன் முதுகிலிருந்து எடுக்கவில்லை.

மணல் திட்டில் கால் ஊன்றி எழுந்தார்கள். பெனிட்டா மூச்சு வாங்க, சற்றுப் பிந்தித்தான் வந்து சேர்ந்தாள்.

"அக்கா, புதுசா வர்றவங்க எல்லாம் தண்ணிக்குள்ள சைக்கிள்தான் மிதிப்பாங்க. உங்களுக்கு முட்டி மடங்கவே இல்லையே. யாருக்கா சொல்லிக் குடுத்தாங்க?"

அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

அவள் கேட்கவிருந்த கேள்வி அவன் கண்ணில் இருந்தது.



படகு கூப்பிடு தூரத்தில் நின்றது. அவள் குழாயைக் கவ்விக்கொண்டு குப்புற விழுந்தாள். முழங்காலை நன்றாக மடக்கி உதைக்கத் தொடங்கினாள்.

தண்ணீர் எங்கும் தெறித்தது.