நடு வரிசை

உடம்பும் இறக்கையும் ஒன்றாகப் பரந்த புதுவகை விமானம். நடு வரிசையிலிருந்து ஜன்னலே தெரியாது. அவசர வெளியேற்றச் சோதனையில் தொண்ணூறு வினாடிக்குள் எல்லோரும் வெளியேறினால்தான் பயணிகளை ஏற்றலாம். இல்லாவிட்டால் இன்ஜினியர் ஸ்ரீதரின் ஐந்து வருட உழைப்பு பழைய இரும்பு.

ஒரகடத்தில் மாதிரி கேபின் கட்டி, பக்கத்து ஷெட் பெண்களைப் பயணிகளாக அழைத்திருந்தார். அவர்கள் பழக்கதோஷத்தில் வேலையில் உட்காரும் வரிசைப்படியே உட்கார்ந்தார்கள். விளக்கு அணைந்தது.

நாற்பதே வினாடியில் எல்லோரும் வெளியே!

"பின்னிட்டீங்கம்மா! எங்க கத்துக்கினீங்க?" என்றார் ஸ்ரீதர்.

"போன மாசம் எங்க பழைய ஷெட்டுல தீப்பிடிச்சப்ப ஓடுனோம்லா சார்," என்றாள் தென்காசி செல்வலட்சுமி.

"சூப்பர்! ஆனா நடு வரிசைய காலியா வுட்டுட்டீங்களே? நாளைக்கு அந்த வரிசை ஆளுங்களையும் கூட்டினு வாங்க."

"அவங்க அன்னைக்கே வெளிய வரலை சார்."